ஜமக்காளத் திணை: முக்கொம்புக் குடும்பப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, நாய் ஒன்று என்று வாழும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்புகின்றன. அங்கே தரையில் ஒரு ஜமக்காளத்தை விரிக்கின்றன. வீட்டிலேயே சாப்பிட்டிருக்கக்கூடிய புளியோதரையை அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. இருட்டுவதற்குள் வீடு திரும்பி, ‘அப்பாடா’ என்கின்றன. காணும் பொங்கலன்று முக்கொம்பில், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில், கோடை விடுமுறையில் கல்லணையில் என்று இது தவறாமல் நடக்கிறது.

ஏன் போகிறீர்கள் என்று பெற்றோரைக் கேட்டால், ‘பிள்ளைங்களுக்காகத்தான்’ என்கிறார்கள். பிள்ளைகளைக் கேட்டால், ‘அப்பாதான் கூட்டிட்டு வந்தாரு’ என்கிறார்கள். தாத்தாவைக் கேட்டால், ‘எல்லாரும் கிளம்புனாங்க, நானும் கிளம்புனேன்’ என்கிறார். ஆக, யாருடைய விருப்பத்திலும் இல்லாத ஒரு காரியம் எல்லாருடைய ஒத்துழைப்போடும் நடந்தேறுகிறது. இந்த முரணே இவ்வாய்வுக்கு வித்து.

கருதுகோள் இது: ஜமக்காளம் விரித்துக் கழிக்கும் ஒரு நாளில், அன்பின் ஐந்திணைக்கும் உரிய ஐந்து ஒழுக்கங்களும் ஒன்றுவிடாமல் நிகழ்கின்றன. ஒழுக்கங்களுக்கு நான்கு நிலம் தேடிய தொல்காப்பியர் காலத்தில் ஜமக்காளம் இல்லை. இருந்திருந்தால் நூற்பாக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

ஆய்வு எல்லை

முக்கொம்பே முதன்மைக் களம். பச்சமலை சேர்க்கப்படவில்லை. அதன் வளைவுப் பாதையில் குழந்தைகளின் வயிறு நடந்துகொள்ளும் விதம் தனி ஆய்வுக்கு உரியது. மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் விலக்கப்பட்டது. 2015-இல் திறக்கப்பட்ட அந்த 25 ஏக்கர் பூங்கா ஸ்ரீரங்கத்துக்கு மிக அருகில் இருப்பதால், ‘இங்கதானே இருக்கு, எப்ப வேணா போய்க்கலாம்’ என்ற காரணத்தால் பல குடும்பங்கள் அங்கே போவதேயில்லை.

முன்னோர் உரைகள்

இத்துறையில் பாட்டி உரை, அத்தை உரை என இரண்டு உரைகள் வழக்கில் உள்ளன. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பல இடங்களில் வேறுபடுவதைப்போல இவர்களும் வேறுபடுவர். புளியோதரைக்கு நிலக்கடலை உண்டு என்பது பாட்டி கொள்கை. குழந்தைக்குத் தொண்டையில் சிக்கும், ஆகவே இல்லை என்பது அத்தை கொள்கை. தயிர் சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து கொஞ்சமாகப் பிரை விட்டால் மதியம் புளிக்காது என்பதில் மட்டும் இருவரும் உடன்படுகின்றனர். வீட்டு மருமகள் உரை எழுதவில்லை. அவர் சமைத்துக்கொண்டிருந்தார்.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

நிலம், ஐயத்துக்கு இடமின்றி மருதம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. அகண்ட காவிரி இரண்டாகப் பிரிந்து அந்தத் தீவு தொடங்கும் மேற்கு முனைதான் முக்கொம்பு. தீவுக்குள் குடியிருப்பவர்கள் காவிரிப் பாலம் தாண்டி, கரூர் சாலையில் ஜீயபுரம் வழியாக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போய், தங்கள் தீவின் மூக்கை வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இந்த இடத்தின் வரலாற்றைச் சொல்வது தாத்தாவின் உரிமை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே இறங்கி ஓடியது. காவிரி மணல் மேடிட்டது. தஞ்சாவூர்ப் பாசனம் தவித்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். அந்தப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு புதிய கதவணை எழுந்தது. இத்தனையும் தாத்தா கையில் முறுக்கோடு, முறுக்காலேயே சுட்டிக்காட்டிச் சொல்வார். பேரனின் கண் முறுக்கு போகும் திசையிலேயே போகும். வரலாறு கேட்கிறான் என்று தாத்தா மகிழ்வார்.

காட்டனுக்கு ஆறு இரண்டாகத்தான் பிரிந்தது. குடும்பமோ வேனை விட்டு இறங்கியதும் நான்காகப் பிரிகிறது. ஒரு கிளை ஊஞ்சலை நோக்கி, ஒரு கிளை கழிப்பறையை நோக்கி, ஒரு கிளை நிழலை நோக்கி, ஒரு கிளை வண்டி நிறுத்த இடம் தேடி. இந்நான்கையும் ஒரே வாய்க்காலில் திருப்பும் கதவணை இன்னும் கட்டப்படவில்லை.

பொழுதுக்கு வருவோம். மருதத்துக்குச் சிறுபொழுது வைகறையும் விடியலும். முதல்நாள் இரவு குடும்பத் தலைவர் அறிவிப்பதும் அதுதான்: ‘காலையில ஆறு மணிக்கு டாண்ணு கிளம்பணும்.’ ஆனால் வேன் புறப்படும் நேரம் நண்பகலை ஒட்டியே அமைவதைக் காண்கிறோம். நண்பகல் பாலைக்கு உரியது. இவ்வாறு மருத நிலத்தில் பாலைப் பொழுது வந்து மயங்குவதை இலக்கணிகள் திணை மயக்கம் என்பர். வீட்டில் இதற்கு ‘உங்களால எல்லாமே லேட்டு’ என்று பெயர்.

கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளை அடுக்குவது மரபு. ஒவ்வொன்றாகக் காண்போம்.

தெய்வம்: மருதத்துக்கு வேந்தன். ஜமக்காளத் திணைக்கு வேன் டிரைவர். எப்போது வருவார், எப்போது கிளம்பச் சொல்வார் என்பது யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் முன்னால் அவருக்குத்தான் இலை போட வேண்டும்.

உணவு: புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், மாவடு, வடகம். இவை பெரியவர்களுக்கு. சிறியவர்கள் வீட்டில் தொடமாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்த அதே தயிர் சாதத்தை இங்கே இரண்டு கை வாங்கிச் சாப்பிடுவர். காரணம் காற்றா, பசியா, பக்கத்து ஜமக்காளத்துக் குழந்தை பார்த்துக்கொண்டிருப்பதா என்பது விவாதத்துக்கு உரியது. மூன்றாவது காரணத்துக்கே சான்று மிகுதி.

மரம்: எந்த மரமானாலும் இரண்டு தகுதி வேண்டும். ஒன்று, நிழல். சூரியன் மேற்கே சாயச் சாய நிழல் கிழக்கே நகரும்; ஜமக்காளமும் சாப்பாட்டுக் கூடைகளோடு அதைத் தொடர்ந்து நகரும். வந்ததும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்த குடும்பம் மாலையில் வேறொரு குடும்பத்தின் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இதனால்தான். இரண்டாவது தகுதி, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கிளை. பழைய நூல் புடவை ஒன்றை அதன்மேல் போட்டு, இரண்டு தலைப்பையும் சேர்த்து முடிந்து, முடிச்சை மேலே தள்ளிவிட்டு, பாட்டி முதலில் தன் முழங்கையை உள்ளே வைத்து அழுத்திப் பார்ப்பார். கிளை முனகவில்லை என்றால் குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்து விரித்து, குழந்தையைப் போடுவார். இரண்டு ஆட்டுக்குள் கண் சொருகிவிடும். அரைமணி கழித்து வந்து பார்த்தால் தூளியில் கிடப்பது நம் குழந்தையாக இருக்காது. ‘தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, ரொம்ப நேரமா அழுதுக்கிட்டே இருந்தான்’ என்று யாரோ ஒருவர் ஆட்டிக்கொண்டிருப்பார். நம் குழந்தை அவருடைய ஜமக்காளத்தில் முழித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்.

விலங்கு: நாயும் குரங்கும். இரண்டும் தனித்தனி இயல்களில் விளக்கப்படும்.

பறவை: காக்கை. வீட்டில் பாட்டி கூப்பிட்டுச் சோறு வைத்தால் வராதது இங்கே கூப்பிடாமலே வரும்.

பறை: டிபன் கேரியர் மூடியும் கரண்டியும். இசைப்போர், ஒன்றரை வயதினர்.

யாழ்: சித்தப்பாவின் கைபேசி. அதை நிறுத்தச் சொல்வது அத்தையின் பண்.

தொழில்: தேடுதல். உழவு, மீன்பிடி முதலிய தொழில்களெல்லாம் ஒழிந்து இத்திணையில் அனைவரும் நாள் முழுதும் செய்வது இது ஒன்றே. செருப்பு, பால் புட்டி, கரண்டி, மூத்த பிள்ளை என்று தேடப்படும் பொருள் மட்டும் மாறும்.

உரிப்பொருள்

இதுவே ஆய்வின் உயிர்நாடி.

இருத்தல், முல்லைக்கு உரியது. காத்திருப்பு என்று கொள்க. குளித்து, உடுத்தி, தலைசீவி, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா முல்லைத் தலைவி. உள்ளே யாரோ ஒருவர் இன்னும் தயாராகவில்லை. அந்த ஒருவர் தயாராகும்போது முன்பே தயாரான குழந்தை சட்டையில் பாலைக் கொட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாரும் ஒரே சமயத்தில் தயாராக இருத்தல் என்ற நிலை இயற்கையில் இல்லை.

ஊடல், மருதத்துக்கு உரியது. கேட்டைப் பூட்டும் கணத்தில் நிகழ்வது. ‘ஏங்க, கேஸை மூடுனீங்களா?’ என்பது தலைவி கூற்று. ‘நீதானே கடைசியா அடுப்படியில இருந்த?’ என்பது தலைவன் கூற்று. இதற்குப் பிறகு ஜீயபுரம் வரை கூற்று எதுவும் பதிவாகவில்லை. பழைய மருதப் பாடல்களில் ஊடல் தீர்க்கப் பாணனும் விறலியும் தூது போவர். இங்கே பின்சீட்டிலிருந்து ‘அம்மா, வாந்தி வருது’ என்ற குரல் அந்த வேலையைச் செய்கிறது. கணவன் மனைவி இருவரும் ஒருசேரத் திரும்புவர், ஊடல் தீரும்.

பிரிதல், பாலைக்கு உரியது. இங்கேதான் நாய் வருகிறது. பெயர் பெரும்பாலும் மணி. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் தபால்தலை வெளியிட்ட நாட்டில், வீட்டு நாய்க்கு வேனில் இடம் கிடைப்பதில்லை. ‘அது வேணாம், குரங்கைப் பார்த்தா சும்மா இருக்காது’ என்று முடிவாகும். எதிர்வீட்டு அக்காவிடம் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, கேட்டுக்கு உள்ளே அதைவிட்டுப் பூட்டும்போது, மணி கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். குரைக்காது. குரைத்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். மூத்தவள் வேன் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

தலைவன் பொருள் தேடப் பிரிவதைப் பொருள்வயிற் பிரிவு என்பது மரபு. இங்கே தெருமுனை திரும்பியதும் பால் புட்டியை மறந்தது நினைவுக்கு வருவதால் பொருள்வயின் மீள்வு என்ற புதுத் துறை பிறக்கிறது. வேன் திரும்பி வரும். பல ஆண்டு பிரிந்தவரைக் கண்டதாக மணி துள்ளிக் குதித்து, வாலோடு உடம்பையும் சேர்த்து ஆட்டும். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் கேட் சாத்தப்படும். ஒரே நாளில் இரண்டு பிரிவைத் தாங்கும் வலிமை சங்கத் தலைவிக்கும் இருந்ததில்லை.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தே பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் கருத்து. திரும்பும்போது வேன் பஞ்சராகிக் கரூர் சாலை ஓரம் நிற்பவர்கள் இதை நேரில் கண்டிருப்பார்கள்.

இரங்கல், நெய்தலுக்கு உரியது. ஐந்தனுள் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதுவே. பலூன் பறந்ததற்கு, பலூன் வாங்கித் தராததற்கு, தம்பியின் பலூன் பெரியதாக இருப்பதற்கு, தண்ணீரில் இறங்கக் கூடாது என்றதற்கு என்று துறைகள் பல. கடைசித் துறையில் மட்டும் எந்தப் பெரியவரும் இளகக் கூடாது. காவிரியில் மேலே தெரியும் அமைதியை நம்பி இறங்குபவர்களை மணல் அள்ளிய பள்ளமும் சுழலும் ஆண்டுதோறும் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இவ்வொரு வாக்கியத்தில் ஆய்வாளர் விளையாடவில்லை.

புணர்தல், குறிஞ்சிக்கு உரியது. குடும்பத்துக்கு ஏற்ப ஒன்றுகூடல் என்று உரைகொள்க. அது சாப்பாட்டு நேரம். வீட்டில் ஒருவர் டிவி முன்னால், ஒருவர் அடுப்படியில் நின்றுகொண்டே, ஒருவர் எல்லாரும் முடித்தபிறகு என்று சாப்பிடுபவர்கள் இங்கே முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்கிறார்கள். பரிமாறிய அம்மாவும் உட்கார்கிறார், ஏனென்றால் போய் நிற்பதற்கு அடுப்படி இல்லை. ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கம்மா’ என்று மாமனார் மருமகளைப் பார்த்துச் சொல்லும் அரிய நிகழ்வு இவ்வேளையில் பதிவாகியுள்ளது.

புறத்திணைச் செய்திகள்

வடகப் பொட்டலத்தைக் குரங்கு கவர்ந்து போவது வெட்சி. அப்பா ஒரு காலில் செருப்போடு துரத்துவது கரந்தை. மீதிப் பொட்டலங்களைச் சுற்றிப் பெண்கள் அரண் அமைப்பது நொச்சி. குரங்கு கிளைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பற்களால் கிழித்துச் சாப்பிட்டுவிட்டுக் காலி உறையைக் கீழே போடுவது வாகை. பிள்ளைகள் கைதட்டுவர். எந்தப் பக்கத்துக்கு என்பதை அப்பா கேட்காமல் இருப்பது நல்லது.

ஒப்பாய்வு: கூடாரமும் ஜமக்காளமும்

மேல்நாட்டார் இதையே கூடாரம் அடித்துச் செய்கிறார்கள். நம் பக்கத்தில் முறையாக முகாமுக்குப் போனவை கோயில் யானைகள் மட்டுமே. 2003-இல் முதுமலையில் தொடங்கிய கோயில் யானைகள் புத்துணர்வு முகாம், 2012 முதல் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் நடத்தப்பட்டது. ஸ்ரீரங்கத்து ஆண்டாளும் திருவானைக்காவல் அகிலாவும் லாரி ஏறிப் போய் வந்தவர்கள். 48 நாள் முகாமில் எடை பார்ப்பது, குளிப்பாட்டுவது, நடக்க விடுவது, சியவனப்பிராசமும் அஷ்டசூரணமும் கொடுப்பது என்று எல்லாம் நடந்தன. நம் வீட்டுக் கைக்குழந்தைக்கும் இதே பட்டியல்தான். ஆனால் யானை ‘எப்ப வீட்டுக்குப் போவோம்?’ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதில்லை.

கூடாரத்தைச் சோதிக்காமல் விடுவது ஆய்வு நெறி அல்ல. இணையத்தில் வாங்கிய ‘நால்வர் கூடாரம்’ ஒன்று ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில், 236 அடி ராஜகோபுரத்தின் பார்வையில், கோடை விடுமுறை இரவொன்றில் அடிக்கப்பட்டது. தளத்தில் முளை இறங்காததால் நான்கு கயிறுகளும் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கொடிக்கம்பியிலும் கட்டப்பட்டன. முதலில் உள்ளே போனவர் மணி. அடுத்து மூத்தவள். அவள் ஜிப்பை உள்ளிருந்து இழுத்துவிட்டாள். வெளியே தம்பி அழுதான். ‘நாலு பேருதான்னு போட்டிருக்கு, பாட்டியெல்லாம் வரக்கூடாது’ என்று உள்ளிருந்து சட்டம் பேசப்பட்டது. வாங்கி வந்து அரைமணி ஆகாத துணிக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு காவலும், காவலுக்கு ஒரு விதியும் முளைத்துவிட்டன. பெரியவர்கள் ஜமக்காளத்தை வெளியே விரித்துப் படுத்தார்கள். உள்ளே புழுக்கம் தாங்காமல் மூத்தவளும் அதன் ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள். கூடாரம் மணியின் தனிச்சொத்தானது.

ஜமக்காளத்தின் வம்சாவளியையும் சொல்லிவிட வேண்டும். பவானி ஆறு காவிரியில் கலக்கும் பவானி ஊரின் நெசவு அது. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டுப் பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும். யானைகள் குளித்த பவானித் தண்ணீரும், பவானியில் நெய்த ஜமக்காளமும் முக்கொம்பில்தான் மறுபடி சந்திக்கின்றன. ஆற்றங்கரைக் காற்று அதைத் தூக்காமல் இருக்க நான்கு மூலைக்கும் பாரம் வேண்டும். ஒரு மூலையில் தண்ணீர் கேன், ஒரு மூலையில் டிபன் கேரியர், ஒரு மூலையில் செருப்புக் குவியல். நான்காம் மூலையில் தாத்தா. அவர் எழுந்தால் குடும்பமே பறக்கும் என்று எல்லாரும் சொல்வதால் அவர் எழுவதில்லை.

ஆய்வு முடிவுகள்

ஒன்று: பயணத்தின் நோக்கம் ஆறு அன்று. தண்ணீர் வராத ஆண்டிலும் கூட்டம் வருகிறது.

இரண்டு: வயது குறையக் குறைய மூட்டை பெருகுகிறது. தாத்தாவுக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு. குழந்தைக்கு மூன்று பை.

மூன்று: கூடாரம் எத்தனை பேருக்கு என்பது அட்டைப்பெட்டியிலேயே அச்சாகி வருகிறது. ஜமக்காளத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. ‘தள்ளி உக்காருங்க’ என்றால் ஒருவருக்கு இடம் வந்துவிடுகிறது. அறை அறையாகப் பிரிந்து கிடக்கும் வீடு, ஒரு நாளைக்குச் சுவரும் கதவும் இல்லாமல் வாழ்ந்து பார்க்க எடுக்கும் பயிற்சியே இப்பயணம். ஒரு நாளுக்கு மேல் இதைத் தாங்க முடியாது என்பதும் இதே ஆய்வின் முடிவே. ஆகவேதான் இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள்.

மேலாய்வுக்குரிய களங்கள்

போகும்போது கையில் அடங்கிய ஜமக்காளம் வரும்போது அதே மடிப்புக்கு வர மறுப்பது ஏன்? கூட்டத்தில் பிள்ளை காணாமல் போகும் நேரமும், பஞ்சுமிட்டாய் வண்டி வரும் நேரமும் ஒத்துப்போவது தற்செயலா? கேட்டுக்குள் தனித்திருந்த நாய் அந்த நாளை எப்படிக் கழிக்கிறது, வீடு திரும்பும்போது திண்ணையில் கிடக்கும் ரோமம் முதன்மைச் சான்றாகுமா? இவற்றை இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வாய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு பாட்டி தலைமையில் அடுப்படி வாசலில் நடைபெற்றது. புறத்தேர்வாளராக அத்தை வந்திருந்தார். ஐந்திணை, கருப்பொருள், புவிசார் குறியீடு அனைத்தையும் பாட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘இவ்வளவு எழுத நேரம் இருக்கு, அந்த ஜமக்காளத்தை உதறி வெயில்ல போட நேரமில்லையாடா?’

பட்டம் நிலுவையில் உள்ளது.